முறம் கேட்ட கேள்வி

ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னவனிடம், திரும்பிக்கூடப் பார்க்காமல் முடியாது என்றாள் தேவசேனா.

"எல்லாம் நனையுதுங்க இங்க. என் பேன்ட்டப் பாருங்க."

"எறக்கினா சிக்னல் போயிடும்ங்க. முக்கியமான கால்ல இருக்கறேன்."

"மழைக்கு அதெல்லாம் தெரியுமா..."

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு முகத்தை வெளியே திருப்பினாள். திருப்பதியிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரேணிகுண்டாவைத் தாண்டி, பூடிக்கு முன்னால் நடுக்காட்டில் நின்று இருபது நிமிடம் ஆகிவிட்டது. புயல் மழை. மதியமே எல்லாருக்கும் லீவு விட்டாகிவிட்டது. வெளியே பனைமரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு தண்ணீர்.

மழையைவிட அவளைப் பயமுறுத்தியது வேறு. இன்னும் பதினோரு நாளில் வாய்மொழித் தேர்வு. ஐந்து வருட ஆராய்ச்சி ஒரே காலையில் முடிவாகிவிடும். பாஸ் என்றால் டாக்டர் தேவசேனா. இல்லையென்றால்... அதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் விடுதித் தோழி கீர்த்தியைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு, பரீட்சையில் சொல்லப்போவதை ஒப்பித்துப் பார்த்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி பழைய மென்பொருளைப் பற்றியது. யாரோ எழுதிவிட்டுப் போன மென்பொருள் வருடக்கணக்கில் ஓடுகிறது. ஆளாளுக்குக் கை வைக்க அது சிக்கலாகிப் போகிறது. அந்தச் சிக்கலை ஒரு கருவியே கண்டுபிடித்து ஒழுங்குபடுத்தினால் எப்படி இருக்கும்? தேவசேனா அப்படி ஒரு கருவியைச் செய்திருந்தாள். பெயர் முறம். ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் முறம் அதைப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே சின்ன வித்தியாசம் இருந்தால் மட்டும் நின்று, "இந்த வேறுபாடு முக்கியமானதா?" என்று கேட்கும்.

"அந்த வெள்ள எச்சரிக்கை சாப்ட்வேரத்தாண்டி மெயினா காட்டப் போறேன்" என்றாள் போனில். "செங்கல்வராயன்னு ஒருத்தர் எழுதினது. ஒரே வேலைய ரெண்டு தடவ எழுதி வெச்சிருக்காரு. அப்படியே காப்பி. முந்நூத்தி நாப்பது வரி... வயசானவரு போல, பாவம். வெத்தல போட்டுக்கினே ஒத்த வெரல்ல தட்டியிருப்பாரு... ஹலோ? கீர்த்தி?"

சிக்னல் போய்விட்டது.

பக்கத்தில் ஒரு செருமல். "அந்தச் செங்கல்வராயன் வெத்தல போடுவாருங்களா?"

அப்போதுதான் அவனை முழுதாகப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். மழையில் நனைந்த சுருட்டை முடி, மடியில் ஒரு பழைய பை. சிரிப்பை அடக்கியதில் பாதி மூடிக்கொண்ட கண்கள். அந்தக் கண்களை அவளுக்குப் பிடிக்கவில்லை... அதாவது, பிடிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அடுத்தவங்க பேசறத ஒட்டுக் கேப்பீங்களா?"

"நீங்க பேசினது எஞ்சின் டிரைவருக்கே கேட்டிருக்கும். சொல்லுங்க, போடுவாரா?"

"போடுவாரு. பேரக் கேட்டாலே தெரியல?"

அவன் நிதானமாகப் பல்லைக் காட்டினான். வெள்ளை வெளேரென்று இருந்தது. "அந்தப் பேரு எங்க தாத்தாவுது. எனக்கு வெச்சிட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

தேவசேனாவுக்குக் காது சூடாகியது. ஓடுகிற ரயிலாக இருந்தாலாவது வேறு பெட்டிக்குப் போகலாம். இது நிற்கிறது, இறங்கினால் முழங்கால் தண்ணீர்.

"நீங்களா... சாரிங்க. நான்..."

"பரவால்லீங்க தேவசேனா மேடம்."

"என் பேரு எப்படி..."

"செப்டம்பர்ல உங்க யுனிவர்சிட்டியில பேசினீங்களே. கடைசி வரிசைக்கு முன்னாடி வரிசையில இருந்தேன். எழுதினவன் பேரோட என் கோட பெருசா ஸ்கிரீன்ல போட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க." தோளைக் குலுக்கினான். "நானும் சேந்து சிரிச்சேன். வேற இன்னா பண்றது?"

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. சிரிப்பு வந்ததும் பயம் போய், அவளும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் இப்படி ஒருவன் உட்கார்ந்திருப்பான் என்று ஏன் தோன்றவில்லை? அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். சமாதானமாக அவளுக்குச் செய்ய முடிந்தது அப்போது அவ்வளவுதான்.

"தேங்க்ஸ்" என்றான் அவன். குரலில் குறும்பு. "பேன்ட்டு சார்புல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவசேனா, செங்கல்வராயன்... திருத்தணி மலைக்காரரின் பெயர் அவனுக்கு, அவருடைய வீட்டுக்காரியின் பெயர் அவளுக்கு. புத்தூரில் அவள் அம்மா கேட்டால் இந்த ரயிலிலேயே பாக்கு வெற்றிலை மாற்றிவிடுவாள். சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அப்போது எதிர் சீட்டுப் பெரியவரின் போன் கிணுகிணுத்தது. அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, பொதுவாகச் சொன்னார். "நாலு கண்ட்டலகி கேட்லு எத்துத்துன்னாரண்ட. வேப்பங்கோனை நிண்டிபோயிந்தி."

வேப்பங்கோனை அணை நிரம்பிவிட்டது, நாலு மணிக்கு மதகைத் திறக்கிறார்கள். ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை போயிருக்கிறது. தேவசேனாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் சீர்படுத்திய மென்பொருள்தானே அதை அனுப்பியிருக்கிறது?

செங்கல்வராயன் தன் போனை எடுத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான். ஒருமுறை அணைத்து உயிர் கொடுத்துப் பார்த்தான்.

"எனக்கு வரல" என்றான்.

"சிக்னல் இல்லாம இருக்கும்ங்க."

"அவருக்கு வந்திச்சே. அவருது தெலுங்கு லிஸ்ட்டு. என் நம்பர் தமிழ் லிஸ்ட்டுல இருக்குது, எங்க ஊரு கல்லேரிக்குப்பத்துல..." சட்டென்று நிறுத்தினான். அந்தப் பாதி மூடிய கண்கள் இப்போது முழுதாகத் திறந்திருந்தன. "மேடம். என் கோட்ல ரெண்டு இடத்துல ஒண்ணுபோல இருந்திச்சே, தெலுங்குக்கு ஒண்ணு, தமிழுக்கு ஒண்ணு... அத ஒண்ணாக்கிட்டீங்களா?"

"ஆமா. போன மாசமே. ரெண்டும் அச்சா ஒண்ணுதானே. மொழிய மட்டும் மாத்திக் குடுத்தா ஒரே இடத்துலருந்து..."

"கடைசி நம்பரு?"

"எந்த நம்பரு?"

"நீளமா ஒண்ணு இருக்குமே. தெலுங்குல ஏழுன்னு முடியும். தமிழ்ல ஒண்ணுன்னு முடியும்."

தேவசேனாவுக்கு அந்தத் திரை அப்படியே கண்முன் வந்தது. பத்தொன்பது இலக்கம். கடைசி இலக்கம் மட்டும் வேறு. முறம் நின்று கேட்டது, இந்த வேறுபாடு முக்கியமானதா என்று. மணி மதியம் ஒன்று, பசி வேறு. ஏழைத் தட்டப்போய் ஒன்றைத் தட்டிவிட்டார் கிழவர் என்று நினைத்து...

"அது... தப்பா அடிச்சதுன்னு நெனச்சேன்" என்றாள்.

அவன் கோபப்படவில்லை. வேகமாகச் சொன்னான். இப்படிக் கூட்டமாக அனுப்புகிற ஒவ்வொரு வாசகத்தையும் போன் கம்பெனிகளிடம் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்ததற்கு ஒரு எண் தருவார்கள். தமிழ் வாசகத்துக்குத் தமிழ் எண், தெலுங்குக்குத் தெலுங்கு எண். மாறிப்போனால் அவர்கள் வழியிலேயே கீழே போட்டுவிடுவார்கள், சத்தமே இருக்காது.

"நம்ம ஸ்கிரீன்ல போச்சுன்னுதான் காட்டும். பச்சையா. ஆனா யாருக்கும் போய்ச் சேராது."

ஒரு மாதமாக மதகு திறக்கவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. இன்றுதான் முதல் தடவை.

"எத்தன ஊரு?" என்றாள்.

"தமிழ் லிஸ்ட்டுல பதினோரு ஊரு. ரெண்டாயிரத்து நூறு நம்பரு."

மணி மூன்று ஐந்து.

அவன் முதலில் திருப்பதி வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் தன்னோடு வேலை செய்யும் சுரேஷ்பாபுவைக் கூப்பிட்டான். போனில் அந்தக் குரல் அவளுக்கும் கேட்டது. "அந்தா கிரீனே பாபு. எந்துக்கு பயம்?" எல்லாம் பச்சைதான், பயம் எதற்கு என்கிறான். செங்கல்வராயன் தெலுங்கும் தமிழுமாகக் கத்தி விளங்கவைத்தபோது, அந்தப் பக்கமும் பயந்துவிட்டது. மதகு திறப்பதைத் தள்ளிப்போட முடியாது, கரையே உடைந்துவிடும். ஊர்களுக்கு ஆள் அனுப்பலாம், ஆனால் சாலையில் இடுப்பளவு தண்ணீர். கோடில் கை வைக்க அங்கே யாரும் இல்லை. அங்கிருந்தே ஏதாவது செய் பாபு என்றதும் லைன் துண்டானது.

பிறகு ஊர்ப் பையன் திலீப்பைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. "ஸ்ரீ சிட்டி பேக்டரியில ஷிப்ட்டு. போன லாக்கர்ல வெச்சிருப்பான். ஊர்ல இருக்கற பசங்க பூரா அங்கதான்." ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டான். ஒரே ஒரு டிக்கோடு நின்றது.

கடைசியாக ஒரு எண்ணை அழுத்தி, காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு. ஆத்துக்கு நடுவுல ஒரு திட்டு இருக்குது. புல்லு நல்லா இருக்கும்னு மாட்ட அங்கதான் ஓட்டிக்கினு போவாங்க. மழைன்னா இன்னும் போவாங்க, வேற ஆடு மாடு எதுவும் வராதுன்னு." மறுபடி அழுத்திப் பார்த்தான். "அங்க போன் கால் போவாது. மெசேஜ் மட்டும் ஒரு புள்ளி சிக்னல் வந்தாலும் உள்ள பூந்துடும். படிக்கத் தெரியாது. அதனால எச்சரிக்கை வந்தா மட்டும் மணிச் சத்தம் வர மாதிரி செட் பண்ணி வெச்சிருக்கேன். மத்தது எதுவும் பாக்க மாட்டாங்க. ஆறு வருஷமா அந்த மணிய நம்பித்தான் ஆத்துல எறங்கறாங்க."

தேவசேனா பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். பயம் அவளுக்குப் புதிதில்லை. பரீட்சைக்குப் பயம், மேடைக்குப் பயம், அப்பாவின் மௌனத்துக்குப் பயம். ஆனால் அதெல்லாம் தனக்கு என்ன ஆகும் என்ற பயம். தன் ஒரு விரல் அழுத்தியதால் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்ற பயம் இதுவரை அவளுக்குத் தெரியாது.

"பழசு பத்திரமா இருக்குது" என்றாள். "திருப்பிக் கொண்டாந்துடலாம். நெட்டு வேணும்."

பெட்டியின் கதவருகே மட்டும் நெட்டுக்கு ஒரு புள்ளி சிக்னல் வந்தது. இருவரும் அங்கே போனார்கள். அவள் கழிவறைச் சுவரில் சாய்ந்து, கணினியை முழங்கையில் தாங்கிக்கொண்டாள். அவன் ஒரு கையால் தன் பையைக் கணினிக்கு மேலே குடையாகப் பிடித்து, மறு கையில் அவளுடைய போனை மழைக்குள் நீட்டி நின்றான். தண்ணீர் அவன் சட்டைக் கைக்குள் வழிந்து, முழங்கையில் சொட்டியது. இவ்வளவு பக்கத்தில் ஓர் ஆண் நிற்பது வேறு நாளாக இருந்தால்... வேறு நாளாக இல்லை.

மூன்று இருபத்தாறு. பழைய கோட் வந்துவிட்டது, இரண்டு பகுதியும் தனித்தனியாக. அதை மேலே ஏற்றினாள். ஏறவில்லை. திரையில் சிவப்பாக ஒரு பெட்டி.

நகல் பகுதி. அனுமதி இல்லை. முறம்.

"இன்னாது இது?"

"என் கருவி." அவளுக்கு அழுகை வந்தது. "ஒரு தடவ ஒண்ணாக்கினத யாரும் திரும்ப ரெண்டாக்கக் கூடாதுன்னு நான்தான் காவல் வெச்சேன். அதான் என் ஆராய்ச்சியோட நாலாம் அத்தியாயம்."

"காவல எடுக்க முடியாதா?"

முடியும். ப்ராஜெக்டில் அவளாலும், வழிகாட்டிப் பேராசிரியர் ரங்கையாவாலும் மட்டும் முடியும். ஆனால் காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணம் அந்த நொடியே எல்லாருக்கும் மெயிலாகப் போகும். ரங்கையாவுக்கு, நிதி கொடுத்தவர்களுக்கு, பதினோரு நாள் கழித்து அவளைக் கேள்வி கேட்கப்போகிற வெளித் தேர்வாளருக்கும். அதைப் பிறகு அழிக்க முடியாது. அழிக்க முடியக் கூடாது என்று வைத்ததும் அவள்தான்.

காரணம் என்ன என்ற கேள்விக்குக் கீழே காலிப் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தேவசேனா தட்டினாள். விரல்கள் அவளைக் கேட்காமலே எழுதின. "முதலில் எழுதியவர் போதிய விளக்கக் குறிப்பு எழுதாததால் ஏற்பட்ட குழப்பம்..."

பொய் இல்லை. அவன் குறிப்பு எழுதவில்லைதான். ஒரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. இதைப் படிக்கிற யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

தோளுக்கு மேலே அவன் மூச்சு நின்றது. அவன் படித்துவிட்டான் என்று புரிந்தது.

"போடுங்க" என்றான் மெதுவாக. "அப்படியே போடுங்க. சீக்கிரம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. வேலை போய்விடுமே என்ற யோசனைகூட இல்லை. ஒப்பந்த வேலைக்காரன், இந்த ஒரு வரி போதும் அவனை அனுப்பிவிட. அவன் பார்வை கணினியின் மூலையில் இருந்த மணியில் இருந்தது. மூன்று முப்பத்து மூன்று.

மறுபடியும் இவனை ஸ்கிரீனில் போட்டுச் சிரிக்க வைக்கப் போகிறேன்... அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எழுதியதை அழித்தாள். புதிதாகத் தட்டினாள். "இரண்டு பகுதிகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைக் கருவி சரியாகக் கண்டுபிடித்து என்னிடம் கேட்டது. முக்கியம் இல்லை என்று நான் பதில் சொன்னேன். சோதித்துப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. பதினோரு ஊர்களுக்கு எச்சரிக்கை போகவில்லை. தேவசேனா."

"மேடம், உங்க பரீட்ச..."

"கைய நேரா பிடிங்க. சிக்னல் போவுது."

அனுப்பினாள். சிவப்புப் பெட்டி மறைந்தது. ஏறியது... பாதியில் நின்றது... அவன் படியில் ஒரு கால் இறங்கி, கையை இன்னும் எட்டி நீட்டினான். பயத்தில் அவள் அவன் சட்டைப் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடுவானோ என்று பிடித்தாள், ஏறி முடித்த பிறகும் விடத் தோன்றவில்லை.

"அனுப்புங்க" என்றாள். அவன் தன் போனிலிருந்து சுரேஷ்பாபுவுக்குச் சொன்னான். ஒன்று, இரண்டு, மூன்று... இருவரும் எண்ணவில்லை, மழைதான் எண்ணிக்கொண்டிருந்தது.

அவன் சட்டைப்பையில் மணி அடித்தது.

கோயில் மணி போல அதே சத்தம். அம்மாவுக்கு வைத்ததைத் தனக்கும் வைத்திருக்கிறான். எச்சரிக்கை, வேப்பங்கோனை அணை, நான்கு மணி. தமிழில். உடனே பெட்டியின் அந்தக் கோடியில் ஒரு போன் கிணுகிணுத்தது. நடுவில் இன்னொன்று. காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "ஆத்துல தண்ணி உடறாங்களாம், எங்க நைனாவுக்குப் போன் போடு" என்று யாரையோ அவசரப்படுத்தினாள்.

மூன்று நாற்பத்தொன்று. இனி அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கதவருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவன் அம்மாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினான். எல்லைக்கு வெளியே. எல்லைக்கு வெளியே. தேவசேனா தன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றி, பிரித்து, சுற்றினாள். கடவுளே, அந்த ஒரு புள்ளி சிக்னலைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். பாஸ் பண்ண வை என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தது அப்போது நினைவுக்கே வரவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரை அழுத்தினான், வேண்டுமென்றா, கை தவறியா என்று தெரியவில்லை.

"இன்னாடா இது, மணி இப்பதான் அடிக்குது?" ஒரு பெண்ணின் மூச்சிரைப்பு, பின்னால் மாட்டுக் கழுத்துச் சலங்கைச் சத்தம். "மாட்ட ஓட்டிக்கினு மேட்டுக்கு ஏறிட்டேன். கமலம்மா பையன் ஆபீஸ்ல தூங்கறான்னு ஊர்ல பேசுவாங்கடா. இவ்ளோ லேட்டா?"

செங்கல்வராயன் பேச வாயைத் திறந்தவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. தேவசேனா போனை வாங்கினாள்.

"அம்மா... தப்பு அவருது இல்லம்மா. என்னுது. நீங்க மேட்டுலயே இருங்க, எறங்காதீங்க."

"நீ யாரும்மா?"

"தேவசேனா."

"இன்னா பேரு சொன்ன?" என்றாள் கமலம்மா. பிறகு குரல் குழைந்தது. "சரி சரி. அவன ஈரத்தலையோட நிக்க வேணாம்னு சொல்லும்மா."

நாலேகாலுக்கு சுரேஷ்பாபு கூப்பிட்டுச் சொன்னான். மதகு திறந்தாகிவிட்டது. ஒரு மோட்டார் செட்டும் நாலு கன்றுக்குட்டிகளும் போய்விட்டன. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ரங்கையா கூப்பிட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "சூசானம்மா" என்றார், பார்த்தேன் என்று. தேர்வு தள்ளிப்போகும், நாலாம் அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப எழுத வேண்டும், ஆறு மாதமாவது ஆகும். திங்கட்கிழமை வந்து பார் என்று வைத்துவிட்டார்.

ஆறு மாதம். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள்.

ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. இருவரும் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லாமலே அவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான். தூறல் உள்ளே வந்தது.

தடுக்கு தாண்டியதும் அவன் தொண்டையைச் செருமினான். "மேடம், ஒண்ணு சொல்லணும். நீங்க முழுப் பழியையும் எழுதிட்டீங்க. பாதி என்னுது."

"குறிப்பு எழுதாததா? விடுங்க."

"அது இல்ல. நீங்க ஒண்ணாக்கினது என் சம்மதம் இல்லாம ஏறாது. எனக்குத்தான் வந்திச்சி, பாத்து ஓகே சொல்லுன்னு. நான் தொறந்துகூடப் பாக்கல. ஓகே அமுக்கிட்டேன்."

தேவசேனா அவனையே பார்த்தாள். "படிக்காமலா?"

"ம்."

"படிச்சிருந்தா அந்த நம்பர் உங்களுக்கு ஒடனே கண்ணுல பட்டிருக்கும்."

"பட்டிருக்கும்."

"உங்க அம்மா... ஆத்துல..." எழுந்துவிட்டாள். இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு... மேலே இருந்த பையை இழுத்தாள். "ஏன் இத அப்பவே சொல்லல?"

"பயம். வேல போயிடும்னு இல்ல. நீங்க இப்ப பாக்கற மாதிரி பாப்பீங்கன்னு."

"ஏன் படிக்கல? அன்னிக்கி எல்லாரும் சிரிச்சாங்கன்னு கோவமா?"

அவன் தலையை ஆட்டினான். மழையைப் பார்த்துக்கொண்டு பேசினான், அவளைப் பார்த்துச் சொல்ல முடியாது போல. "சிரிச்சி முடிச்சதும் நீங்க ஒண்ணு சொன்னீங்க. மைக்கக்கூட எடுத்துட்டாங்க, யாருக்கும் கேட்டிருக்காது. 'ஆனா இது ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட நின்னதில்ல'ன்னீங்க. அந்த ஆறு வருஷத்துல அத யாரும் எங்கிட்ட சொன்னதில்ல." நனைந்த பையைத் துடைத்தான். "ரெண்டு வாரம் கழிச்சி அந்த மெயில் வந்திச்சி. மேல உங்க பேரு இருந்திச்சி. அதுக்குக் கீழ நான் எதுவுமே படிக்கல."

தேவசேனா பையைப் பிடித்தபடி நின்றாள். ரயில் மெதுவாகிக்கொண்டே வந்தது. கோபம் இருந்த இடத்தைத் தேடினாள். அங்கே வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது, அதுவும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பயத்தைவிட்டு எழுந்து போக அவளுக்கு மனமில்லை.

புத்தூர். இருவரும் இறங்கினார்கள். நடைமேடைக் கூரையில் மழை. அவன் ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டும், அவள் வீடு ஐந்து நிமிட நடை. அவன் தயங்கி நின்றான்.

"வரேங்க" என்றான்.

"ஒரு நிமிஷம். அந்த லிஸ்ட்டுல என் நம்பரையும் சேத்துடுங்க."

"எந்த லிஸ்ட்டு?"

"தமிழ் லிஸ்ட்டு."

"அது ஆத்தங்கரை ஊர்ல குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தாங்க. புத்தூருக்குத் தண்ணி வராது."

"தெரியும்." அவள் தரையைப் பார்த்தாள். "தெரிஞ்சிதான் கேக்கறேன்."

அவனுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் பாதி மூடிய அந்தக் கண்கள் கலங்கி, இன்னும் மூடிக்கொண்டன. போனை எடுத்தான், பெயர் கேட்கிற இடத்தில் அவள் பெயரைத் தட்டினான், எண்ணை அவள் சொல்லச் சொல்ல எழுதினான். ஊர் என்ற இடத்துக்கு வந்ததும் போனை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, கல்லேரிக்குப்பம் என்று தட்டினாள்.

திரையில் கேள்வி வந்தது. மேலே உள்ள விவரங்கள் சரியானவையா?

அவள் விரல் இறங்கப் போனது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தடவ ரெண்டு பேரும் படிச்சிட்டு அமுக்கலாம்" என்றான்.

கூரை ஒழுகுகிற நடைமேடையில், தோளோடு தோள் சாய்ந்து, பெயரிலிருந்து ஊர் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்தார்கள். பிறகு ஆம் என்று அமுக்கினார்கள்.